மூலைமட்டமும் கவராயமும் இருக்கும் அந்த வாசலை ஒருநாள் திறந்துவிடுங்கள்

சென்னை எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் கூடும் லாட்ஜ்களின் (ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ இயக்கத்தின் கிளைகளின்) பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் புதுப்பேட்டையில் வளர்ந்தவன். அப்பா கொத்தனார். சின்ன வயதில் ஒருநாள் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து எத்திராஜ் சாலை வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் வாசலில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் அப்பா காலை ஊன்றி நின்றுவிட்டார். ஒரு மூலைமட்டம், ஒரு கவராயம். ஹேண்டில்பாரில் தொங்கிய சாக்குப்பைக்குள் அவருடைய கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் இருந்தன. குண்டில் சுற்றியிருந்த நூல் சிமெண்ட் காய்ந்து விறைத்துப் போயிருக்கும். “நம்ம சாமானை எதுக்குடா இவங்க வாசல்ல வச்சிருக்காங்க?” என்று கேட்டார். டீக்கடையில் விசாரித்தோம். “அங்க ஏதோ ரகசியக் கூட்டம் நடக்கும், நமக்கெதுக்கு” என்றார்கள்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு முப்பது வருடம் ஆனது. கட்டட வேலைக்காரர்களின் கருவிகளையே நீங்கள் ஒழுக்கத்தின் அடையாளங்களாக வைத்திருக்கிறீர்கள். ரசமட்டம் என்றால் எல்லோரும் சமம். தூக்குக்குண்டு என்றால் நேர்மை. மூலைமட்டம் என்றால் கோணாத நடத்தை. உங்கள் மூன்று படிநிலைகளைப் படித்தபோது எங்கள் சித்தாள், கொத்தனார், மேஸ்திரிதான் நினைவுக்கு வந்தார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தக் குண்டை எடுத்து ஈரத்துணியால் துடைத்து வைத்தார்.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஊர் எப்படி அறிந்திருக்கிறது? அந்தக் காலத்தில் மேசன்களின் கூடத்துக்குத் தமிழில் ‘தலைவெட்டிக் கோயில்’ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் தொகுத்த சொல்லகராதியிலேயே அது பதிவாகியிருக்கிறது. கதவு மூடியே இருந்தால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

உங்கள் வரலாறு இந்த ஊரின் வரலாறு. மதராஸில் முதல் லாட்ஜ் 1752-இல் வந்துவிட்டது. 1770-களில் ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் உறுப்பினரானார். இந்த இயக்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1786-இல் தொடங்கிய பர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ் 1839-இல் கடற்கரையில் தனக்கென்று ஒரு கூடம் கட்டிக்கொண்டது. காந்தி சிலையைத் தாண்டும்போது கண்ணில் படுகிற, வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் டி.ஜி.பி. அலுவலகம்தான் அது. தினமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1865-இல் போலீஸ் வாடகைக்கு வந்தது. 1874-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1993-இல் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று முடிவானபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. கட்டடம் பிழைத்தது. அன்று அது போயிருந்தால், கடற்கரையில் உங்களுக்கென்று ஒரு கூடம் இருந்ததற்கு அடையாளமே மிஞ்சியிருக்காது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் பதைக்கிறது.

1920-களில் கட்டிய எழும்பூர் ஹாலும் நூறைத் தொட்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் சடங்குகளையோ, உறுப்பினர்கள் மட்டும் அறிய வேண்டியதையோ யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆண்டுதோறும் ஒரே ஒரு நாள், கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வையுங்கள். உங்களில் ஒருவர் உடன் நின்று தமிழில் விளக்கட்டும். வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள்: இது என்ன இடம், எப்போது கட்டினார்கள், அந்தக் கருவிகளுக்கு என்ன பொருள். கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் பத்திரமாக இருந்தால், சுவர் எழுப்பிய மேஸ்திரிகளின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் அந்தப் பலகையில் எழுதுங்கள். மேசன் என்றால் கொத்தனார். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடத்தில் அதைக் கட்டிய மேசன்களின் பெயர் இருப்பதுதானே முறை?

தேதி முடிவானால் கொஞ்சம் முன்கூட்டியே அறிவியுங்கள். அப்பாவுக்கு எண்பத்து மூன்று ஆகிறது. படி ஏற ஒரு கை பிடிக்க வேண்டும். நான் லீவு போட்டுவிட்டு அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
புதுப்பேட்டைக் கொத்தனார் ஒருவரின் மகன்