ஓல்ட் குரோ பயணம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஓல்ட் குரோ என்ற சின்ன ஊருக்கு நாங்கள் நடத்தும் பயணத்தைப் பற்றிக் கேட்டு இந்த ஒரு மாதத்தில் எங்கள் ஸ்காபரோ அலுவலகத்துக்கு வந்த அழைப்புகள் கொஞ்சமல்ல. "கியூபாவுக்கு இரண்டு தரம் போய்வரும் காசைக் கேட்கிறீர்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?" என்று ஓர் அண்ணா கேட்டார். "போன வருடம் துண்டுப் பிரசுரத்தில் இருந்த மான் படத்தை இந்த முறை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்று ஓர் அக்கா. தொலைபேசியில் ஆளுக்கொரு துண்டாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். கொஞ்சம் நீளும். தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் செப்டெம்பரில் எங்கள் முதல் குழு போனது, பதினொரு பேர். பிரசுரத்தில் நாங்கள் அடித்திருந்தது இது: "ஆயிரக்கணக்கான கரிபு மான்கள் ஆற்றை நீந்திக் கடப்பதை நேரில் காணுங்கள்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "வடதுருவத்து எஸ்கிமோ கிராமம்." இரண்டு வரியும் பிழை. அதை எழுதியபோது எங்களில் ஒருவரும் அந்த ஊரை மிதித்திருக்கவில்லை.

குழு யூக்கோன் பிரதேசத்தின் தலைநகரான வைற்ஹோர்ஸில் விமானம் ஏறியது. ஓல்ட் குரோவுக்கு மேலே போனால் ஒரே மூடுபனி. ஓடுபாதை கண்ணில் படவில்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டு விமானம் திரும்பிவிட்டது. மறுநாளும் பறக்கவில்லை. மூன்றாம் நாள் போய் இறங்கியபோது ஐந்து நாள் பயணம் மூன்று நாளாகியிருந்தது. சரி, மானையாவது பார்த்தார்களா என்றால், ஆற்றங்கரையில் நின்று கண் பூத்ததுதான் மிச்சம். குழுவில் எல்லோரும் பார்த்த ஒரே கரிபு, ஒரு வீட்டு வளவில் வத்தலாகத் தொங்கியது.

பதினொரு பேருக்கும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தோம். ஓர் ஐயா மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அந்த வத்தலில் ஒரு துண்டை வீட்டுக்கார அம்மா அவர் கையில் வைத்தாராம். துணி மாதிரி மெல்லிசாக விரித்து அறுத்து, கம்பில் போட்டு, கீழே புகை மூட்டிக் காயவைத்த இறைச்சி. கறுத்து, ஓரமெல்லாம் சுருண்டு இருக்கும். பல்லால் இழுத்துக் கடித்து, கனநேரம் மெல்லவேண்டும். புகை வாசம் மறுநாளும் விரலில் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு எங்களில் இருவர் சொந்தச் செலவில் போய் வந்தோம். இனி எழுதுவதெல்லாம் அங்கே பார்த்தும் கேட்டும் படித்தும் அறிந்தவை.

ஓல்ட் குரோ, யூக்கோன் பிரதேசத்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, குரோ ஆறு போர்க்குபைன் ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது. 2021 குடிசன மதிப்பில் 236 பேர். எங்கள் பிளாசாவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தில் அதைவிடக் கூடச் சனம் இருக்கும். யூக்கோனிலேயே தெருவால் போகமுடியாத ஊர் இது ஒன்றுதான். கோடையில் ஆற்றால் படகு வரும். சில குளிர்காலங்களில் கட்டடச் சாமான் கொண்டுவர உறைபனிமேல் தற்காலிகப் பாதை போடுவார்கள். மற்றபடி எல்லாம் விமானந்தான். ஓடுபாதை சரளைக்கல், இறங்கினால் ஊர் பக்கத்திலேயே. ஊருக்குள் நாலு சக்கர மோட்டார் வண்டி ஓடும், பனிக்காலத்தில் பனிவண்டி.

விலை ஏன் கூட என்பதற்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பால், முட்டை, தக்காளி, குழந்தைகளின் நப்பி, கதவுக்குப் போடும் ஆணி எல்லாம் வானத்தால்தான் வருகின்றன. வடக்குக்கு விமானத்தில் போகும் உணவுக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கிறது. அப்படியும் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து நாங்கள் எடுத்த பையைத் திரும்ப வைத்தோம். மின்சாரத்துக்கு எரிக்கும் டீசல்கூட விமானத்தில் வருகிறது என்றால் பாருங்கள். அந்த டீசலைக் குறைக்கத்தான் 2021இல் ஊர் மக்கள் 2,160 சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். 940 கிலோவாற் திறன்; வருடத்துக்கு ஏறக்குறைய 1,89,000 லீற்றர் டீசல் மிச்சம். ஜூன் மாதத்தில் அங்கே பொழுது படுவதே இல்லை, அப்போது டீசல் இயந்திரத்தை நிறுத்திவைக்க முடிகிறது. இயந்திரம் நின்ற நேரத்தில் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை எழுத்தில் சொல்ல வராது.

நீங்கள் கட்டும் விமானக் காசிலும் ஒரு விசேஷம் உண்டு. அங்கே பறக்கும் விமான நிறுவனத்தில் 49 விழுக்காடு அந்த ஊர் மக்களுடையது.

இனி, யார் அந்த மக்கள்? எஸ்கிமோ என்று நாங்கள் எழுதியது இரண்டு விதத்தில் பிழை. அந்தச் சொல்லை அந்தப் பக்கத்துச் சனம் இப்போது விரும்புவதில்லை. அதோடு, முன்பு அந்தச் சொல்லால் குறித்த இனுவிட் இனத்தவரே இல்லை இவர்கள். இவர்கள் குவிச்சின் மக்கள், அவர்களிலும் வுன்டுட் குவிச்சின் என்ற பிரிவினர். பெயருக்கு ஏரிகளின் மக்கள் என்று பொருள். அவர்களுடைய மொழி அத்தபாஸ்கன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெற்கே அரிசோனாப் பாலைவனத்தில் நவாஹோ மக்கள் பேசுகிற மொழியும் அதே குடும்பந்தான். ஒன்று பனியிலும் ஒன்று மணலிலுமாக இருப்பதை நினைத்தால் எங்களுக்கு இன்னும் வியப்பு. அங்கே நன்றி சொல்ல "மாசி சோ" என்பார்கள். முதற்சொல் பிரெஞ்சு வணிகர்களின் "மெர்சி" தேய்ந்து வந்தது. "சோ" என்றால் பெரிய. போகிறவர்கள் இந்த ஒரு சொல்லையாவது பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

ஊர்ப்பெயரைப் பார்த்து "கிழட்டுக் காகமா?" என்று சிரித்தவர்கள் உண்டு. 1870களில் மறைந்த ஒரு தலைவரின் பெயரில் காகம் இருந்தது. அதைத்தான் ஆங்கிலத்தில் இப்படி ஆக்கினார்கள்.

நாங்களும் கடை வைத்திருக்கிறவர்கள் என்பதால் ஒரு கடைக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1847இல் ஹட்சன்ஸ் பே கம்பனி யூக்கோன் ஆற்றங்கரையில் ஃபோர்ட் யூக்கோன் என்ற இடத்தில் தோல் வாங்கும் கடை திறந்தது. அது அன்றைக்கு ரஷ்யாவின் நிலம் என்பது கம்பனிக்குத் தெரியாமலில்லை, பேசாமல் இருந்துகொண்டது. 1867இல் அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியது. 1869இல் அமெரிக்க அதிகாரி ஒருவர் வந்து அளந்து பார்த்து, கடையைக் கட்டு என்றார். கம்பனி போர்க்குபைன் ஆற்றின் வழியே மேலே நகர்ந்து புதுக் கடை போட்டது. இருபது வருடம் கழித்து இன்னோர் அளவையாளர் வந்தார், இதுவும் அலாஸ்காதான். திரும்பவும் மூட்டை கட்டி, கனடா எல்லைக்கோட்டிலேயே போய்க் குந்தியது. அந்த இடந்தான் ராம்பார்ட் ஹவுஸ். கடை போன பக்கமெல்லாம் சனமும் தோலைத் தூக்கிக்கொண்டு போனது. 1911இல் அங்கே பெரியம்மை வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் ஆற்றோடு மேலே வந்து ஓல்ட் குரோவில் சேர்ந்தார்கள். அளவையாளர் போட்ட கோடு குவிச்சின் மக்களை நடுவால் பிரித்துவிட்டது. இன்றைக்கும் ஒரு குடும்பத்தில் பாதி அலாஸ்காவில், பாதி கனடாவில்.

மானுக்கு வருகிறோம்.

போர்க்குபைன் மந்தை என்று பெயர். 2017 கணக்கில் 2,18,000 மான்கள். குளிர்காலத்தைக் காட்டுப் பக்கம் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே ஆர்க்டிக் கடற்கரைச் சமவெளிக்கு நடக்கும். ஜூன் தொடக்கத்தில் அங்கே கன்று போடும். பிறகு நுளம்புக்கும் ஈக்கும் தப்பி அலைந்து, இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்பும். ஓல்ட் குரோ இந்தப் போக்குவரத்துக்கு நடுவே இருக்கிறது. ஊர் அங்கே இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் எந்த நாள், ஆற்றின் எந்த வளைவில் கடக்கும் என்பது பனியையும் காற்றையும் பொறுத்தது. இத்தனை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஊர்ப் பெரியவர்களே நாள் குறித்துச் சொல்வதில்லை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு நாங்கள் சொன்னோம் பாருங்கள்.

வேட்டைக்கு அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் வரும் மான்களைச் சுடுவதில்லை. அவற்றைப் போகவிட்டால் பின்னால் வருபவை அதே தடத்தில் நம்பி வரும். முன்னுக்கு வருவதை மிரட்டினால் மந்தையே வேறு பக்கம் திரும்பிவிடும். அதனால் மான் வரும் நாட்களில் ஆற்றங்கரையில் சத்தம் போடுவது, ட்ரோன் பறக்கவிடுவது, படத்துக்காகக் கிட்டப் போவது எல்லாம் அந்த ஊரின் குளிர்காலச் சாப்பாட்டில் கைவைக்கிற வேலை. போன முறை எங்கள் குழுவில் ஒருவர் ட்ரோன் கொண்டுபோயிருந்தார். பெட்டியிலிருந்து எடுக்க முன்னரே தடுத்துவிட்டார்கள், நல்லகாலம்.

அந்தக் கன்று போடும் சமவெளி அலாஸ்காப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எண்ணெய் இருக்கிறது என்று பல காலமாகப் பேச்சு. 1988இல் இரண்டு நாட்டுக் குவிச்சின் மக்களும் அலாஸ்காவின் ஆர்க்டிக் வில்லேஜில் கூடி, அங்கே தோண்டக் கூடாது என்று முடிவெடுத்து அன்றிலிருந்து போராடுகிறார்கள். 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை எண்ணெய்க் குத்தகைக்குத் திறந்துவிட்டது. ஊரில் யாரோடு தேநீர் குடிக்க இருந்தாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். கேளுங்கள், வாதாடப் போகவேண்டாம்.

வேறு மாற்றங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஊருக்கு வடக்கே ஓல்ட் குரோ சமவெளி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். வசந்தத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்க் கஸ்தூரி எலி பிடிக்கிற இடம். 2007இல் ஸெல்மா என்ற பெரிய ஏரி, கரை உடைந்து, பெரும்பகுதி வடிந்துபோய்விட்டது. 2019 மே மாதத்தில் ஊர் காலநிலை நெருக்கடியை அறிவித்தது. சாமன் மீனும் குறைந்துவிட்டது. யூக்கோன் ஆற்றுப் படுகையில் சினூக் சாமன் பிடிப்பதை ஏழு வருடத்துக்கு நிறுத்திவைக்க 2024இல் கனடாவும் அலாஸ்காவும் உடன்பட்டன. ஆகவே "சாமன் விருந்து உண்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதில்: இல்லை.

இனி நடைமுறை.

குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கமாட்டோம். தங்கும் அறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பதினொரு பேர் போய் இறங்கினால் ஊருக்கே பாரம். ஊரில் மது சட்டப்படி தடை. ஒரு பியர் ரின்கூடப் பையில் இருக்கக்கூடாது, பகிடிக்கும் வேண்டாம். வீட்டு வளவிலோ வத்தல் காயும் இடத்திலோ படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு அரிசி, பருப்பு எல்லாம் வைற்ஹோர்ஸிலேயே வாங்கிக்கொண்டு போவோம். அங்குள்ள கடையை எட்டுப் பேராகப் போய்த் துடைத்துவிட்டு வரக்கூடாது. திரும்பும் பக்கத்தில் வைற்ஹோர்ஸில் இரண்டு நாள் சும்மா விட்டிருக்கிறோம். அது மூடுபனிக்கு ஒதுக்கிய நாள். பனி இல்லாவிட்டால் வைற்ஹோர்ஸைச் சுற்றிப் பாருங்கள். அந்த இரண்டு நாள் அறைக் காசும் சேர்ந்துதான் விலை ஏறியிருக்கிறது, ஒளிக்கவில்லை.

அப்படியானால் அங்கே என்னத்தைப் பார்ப்பது? ஜோன் டிஸ்யா நிலையத்தில் பழைய பொருட்களும் படங்களும் இருக்கின்றன. ஊர்க்காரரே நின்று விளக்குவார்கள். எடித் ஜோசி என்ற அம்மாவைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 1960களில் தொடங்கிப் பல பத்து வருடம், வைற்ஹோர்ஸ் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதியவர். யார் விமானத்தில் வந்தார், யார் எத்தனை எலி பிடித்தார், ஆற்றில் பனி உடைந்ததா என்பதுதான் செய்தி. தான் பேசுகிற ஆங்கிலத்திலேயே எழுதினார். பத்திரிகையும் திருத்தாமல் போட்டது. அதற்காகவே உலகம் வாசித்தது. கனடாவின் உயர்ந்த விருதும் கிடைத்தது. 2010இல் காலமானார்.

மே மாதத்தில் விக்டோரியா தின வார இறுதியில் போனால் கரிபு நாட்கள் என்ற கொண்டாட்டம். பழைய வணிகர்களிடம் கற்ற ஃபிடில் வாசிப்பும், கால் தட்டும் ஜிக் ஆட்டமும் விடிய விடிய நடக்கும். விடிய விடிய என்று சொல்வதும் சரியில்லை, அந்த நேரத்தில் அங்கே ஒழுங்காக இருட்டுவதில்லை. கண்ணை மூடிக் கட்ட ஒரு துணி கொண்டுபோங்கள்.

முற்பணம் கட்டியவர்களில் இந்த மடலைப் படித்தபின் மனம் மாறியவர்கள் மாத முடிவுக்குள் சொல்லுங்கள், முழுக் காசும் திரும்பி வரும். மே மாதக் குழுவுக்கு இரண்டு இடம் இருக்கிறது. செப்டெம்பருக்கு ஐந்து. மான் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்
ஸ்காபரோ