முல்லைத்தீவில் ஆட்களோடு தூரத்தையும் எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 குடிசன மதிப்பீட்டின் முதல் விபரங்கள் வந்தபோது, சனத்தொகையில் கொழும்பைக் கம்பஹா முந்திவிட்டது என்பதுதான் இங்கே கொழும்பில் பேச்சாக இருந்தது. நான் தேடிப் பார்த்தது முல்லைத்தீவை. நாட்டிலேயே வேகமாகச் சனத்தொகை கூடிய மாவட்டம் அதுதான். ஆண்டுக்கு 2.23 வீதம், நாடு முழுவதற்கும் எடுத்தால் 0.5 வீதம். 2012இல் 92 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த இடத்தில் இப்போது 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள்.

இதில் ஒரு பங்கு ஊர் திரும்பியவர்களின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. 2012 மார்ச்சில் கணக்கெடுத்தபோது போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் இன்னும் மூடப்படவில்லை. முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களை அங்கிருந்து கடைசியாக ஏற்றி இறக்கியது அந்த ஆண்டு செப்டெம்பரில்தான். அதற்கு முந்திய மதிப்பீடு 1981இல். இடையில் முப்பது வருடத்துக்கு மேல் அந்த மண்ணில் ஒழுங்கான கணக்கெடுப்பே கிடையாது. கணக்குப் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை வன்னி மக்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2009 தொடக்கத்தில் போர் நடந்த பகுதிக்குள் எழுபதாயிரம் பேர் வரைதான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. மே மாதம் முடியும்போது முகாம்களில் இருந்தவர்கள் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகம். உள்ளே போன உணவும் மருந்தும் எந்த எண்ணிக்கையை வைத்துப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என்று முல்லைத்தீவில் ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகள். பிரதேச சபைகளோ நாலுதான். நகர சபை ஒன்றுகூட இல்லாததால் புதுக்குடியிருப்புச் சந்தியில் கடை வைத்திருப்பவரும் கணக்கில் கிராமவாசிதான். இவர்களுக்கெல்லாம், நிர்வாகத்தின் கடைசிப் படியாக, 136 கிராம அலுவலர் பிரிவுகள்.

ஒரு பிரிவுக்குச் சராசரி தொள்ளாயிரம் பேர் வருகிறது. கொழும்பு மாவட்டத்தில் 557 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். இதைப் பார்த்துவிட்டு, ஆட்கள் குறைந்த மாவட்டத்துக்கு இத்தனை அலுவலர்களே போதும் என்கிறார்கள். நான் அரச திணைக்களமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். கந்தோருக்குள் இந்த வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் நிலத்தின் அளவைப் பார்க்கவில்லை. முல்லைத்தீவின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர், கொழும்பின் பரப்பு 699. அங்கே ஒரு பிரிவு சராசரியாகப் பத்தொன்பது சதுர கிலோமீற்றர் வருகிறது, இங்கே ஒன்றேகால். அந்தப் பத்தொன்பதுக்குள் காடும் குளமும் வயலும் யானை வரும் பாதையும் எல்லாம் அடங்கும்.

வெள்ளவத்தையில் எங்கள் கிராம அலுவலரிடம் நடந்தே போய்விடலாம். வரிசை நீளமாக இருக்கும், அவருக்கும் பாவம் வேலை அதிகம். ஆனால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். முல்லைத்தீவின் மேற்குப் பக்கத்தில் ஓர் உட்கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அது நடக்காது. அத்தான் ஆசிரியராக இருந்து காலமானவர்; அக்கா விதவைகள் ஓய்வூதியம் எடுக்கிறார். ஒவ்வொரு வருடமும் உயிர்வாழ் சான்றிதழில் விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், கையெழுத்து வேண்டும். அந்தப் பிரிவுக்கு நிரந்தர அலுவலர் கிடையாது. பக்கத்துப் பிரிவுக்காரர்தான் பதில் கடமை பார்க்கிறார். காலை பஸ்ஸில் போனால் அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார், அல்லது மற்றப் பிரிவில் நிற்பார். திரும்பி வரப் பின்னேர பஸ்தான். அதைத் தவறவிட்டால் ஓட்டோ. அந்தக் காசு அவருடைய ஓய்வூதியத்துக்குக் கட்டாது. எழுபது வயது தாண்டியவர், முழங்கால் வலியோடு இப்படி அலைகிறார். அந்த அலுவலர்மீது குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, அதனால்தான் ஊரின் பெயரையும் விட்டிருக்கிறேன். இரண்டு பிரிவுகளை ஒரு மோட்டார் சைக்கிளில் சுற்றும் மனிதர் அவர்.

மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டி வந்தால் இன்னும் பாடு. மாவட்டத்தின் மேற்கே பாண்டியன்குளத்திலிருந்து புறப்படுகிறவர் மாங்குளத்தில் ஏ-9 வீதியைக் கடந்து, ஒட்டுசுட்டான் தாண்டி, அறுபது கிலோமீற்றருக்கு மேல் கடற்கரைவரை போக வேண்டும். 1978இல் முல்லைத்தீவைத் தனி மாவட்டமாக்கியதும், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச செயலாளர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்ததும் நிர்வாகத்தைச் சனங்களுக்குக் கிட்டக் கொண்டுவந்தன. அதே திசையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

புதிய கணக்கெடுப்பின் விபரங்களைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தமிழிலும் வெளியிடுங்கள். ஆளணியையும் நிதியையும் பங்கிடும்போது சனத்தொகையோடு பரப்பையும், வீட்டிலிருந்து கந்தோர்வரை உள்ள தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெற்றிடமாக இருக்கும் பிரிவுகளுக்கு முதலில் ஆள் போடுங்கள். அதுவரைக்கும், மாதத்தில் ஒரு நாளாவது பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் உட்கிராமப் பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ வந்து இருந்து, சான்றிதழ், ஓய்வூதியம், அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவு வேலைகளை முடித்துக் கொடுக்கலாம். நடமாடும் சேவை நமக்குப் புதிதல்ல. எப்போதாவது விழாப் போல நடக்கிறது. அது நாள் குறித்து ஒழுங்காக நடக்க வேண்டும்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அங்கே போய்க் கேட்க வழியில்லை. ஆகவே வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். முல்லைத்தீவில் இன்று எத்தனை பிரிவுகள் பதில் கடமையில் ஓடுகின்றன, அவற்றுக்கு எப்போது நிரந்தர அலுவலர்கள் வருவார்கள் என்ற கேள்வியைச் சபையில் எழுப்பி, கிடைக்கும் பதிலைத் தயவுசெய்து இந்தப் பத்தியிலேயே எங்களுக்கு அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.