பாஸ்தா அவித்த தண்ணியைக் கொட்டாதே

அன்பு மகனுக்கு,

இரத்தம் சோதித்த துண்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். கொலஸ்ட்ரோல் கணக்கைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. அப்பாவுக்கும் உன்ரை வயதில்தான் தொடங்கினது. அதுக்காக "இனிப் பாஸ்தாவே வேண்டாம்" என்று நீ சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள ஏலாது. இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீ.

நான் வேலைக்குப் போன வீட்டு நோன்னா, அதுதான் அந்த வீட்டுப் பாட்டி, ஒவ்வொரு நாளும் மத்தியானம் பாஸ்தாதான் சாப்பிட்டவ. ஆனால் தராசில் 80 கிராம் நிறுத்துத்தான் போடுவா. இத்தாலியின் உணவு வழிகாட்டியிலும் ஒருவருக்குக் காய்ந்த பாஸ்தா 80 கிராம்தான். நீ அரைப் பைக்கற் அவிக்கிறாய். அது 250 கிராம், மூன்று பேருடைய பங்கு. முதலில் அதைக் குறை.

அடுத்தது கிரீம். ரோமில் கார்பொனாரா என்கிற முட்டைப் பாஸ்தாவுக்குக் கிரீம் ஊற்ற மாட்டார்கள் மகன். முட்டை, பெக்கொரீனோ என்கிற செம்மறிப்பால் சீஸ், குவான்சாலே என்கிற பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு, அவ்வளவுதான். அந்தக் குழைவைத் தருவது பாஸ்தா அவித்த தண்ணி. மாவு கரைந்து கலங்கின அந்தத் தண்ணிதான் கொழுப்பையும் சீஸையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது. அதைத்தான் நீ சிங்குக்குள் ஊற்றிவிடுகிறாய்!

இப்படிச் செய்து பார். தண்ணியைக் குறைவாக வை, 80 கிராமுக்கு முக்கால் லீற்றர் போதும், அப்பத்தான் மாவு கெட்டியாக இறங்கும். உப்பையும் குறை, பெக்கொரீனோவிலேயே நிறைய இருக்கு. ஒரு சுக்கீனிக் காயை மெல்லிசாகச் சீவி, ஒரு தேக்கரண்டி ஒலிவ் எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கு. இங்கே வீடுகளில் குவான்சாலேக்குப் பதிலாக இதைப் போட்டுச் செய்கிறவர்கள் கனபேர். மூன்று மஞ்சள் கருவெல்லாம் வேண்டாம். ஒரு முழு முட்டை, 15 கிராம் துருவின பெக்கொரீனோ, நிறைய மிளகு, நல்லாய் அடித்து வை. பாஸ்தாவை இரண்டு நிமிசம் முந்தியே எடுத்துச் சட்டியில் போட்டு, அரை அகப்பை தண்ணி விட்டுக் குலுக்கு. தண்ணி பால் மாதிரி வெளிறி, பாஸ்தாவில் ஒட்டி மினுங்கும். அப்ப அடுப்பை அணை. முப்பது எண்ணு. பிறகுதான் முட்டையை ஊற்றிக் கிளற வேணும். அவசரப்பட்டால் முட்டை வறைதான் மிஞ்சும்.

பாஸ்தா அல்லா நோர்மா என்கிற தக்காளி, கத்தரிக்காய்ப் பாஸ்தாவுக்கு நோன்னா கத்தரிக்காயைப் பொரித்துத்தான் போடுவா. அதில் மட்டும் நான் அவ சொல்வதைக் கேட்கிறதில்லை. கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கு. விரல் மொத்தத்துக்கு வெட்டி, எண்ணெயைத் தூரிகையால் தடவி, 200 பாகையில் அரை மணித்தியாலம் போறணையில் வை, நடுவில் ஒருக்கால் புரட்டு. பொரித்த வாசம் முழுசாக வராது, உண்மைதான். அதுக்காகத் தக்காளியை உள்ளியோடு நல்லாய் வற்ற விடு. ரிக்கொத்தா சலாத்தா என்கிற உப்புச் சீஸைக் கடைசியில் கொஞ்சமாகத் துருவு.

உனக்குப் பிடித்த சாளைமீன் பாஸ்தாவில் எதையும் குறைக்கத் தேவையில்லை. மீன், காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, முந்திரிகை வற்றல் (காய்ந்த திராட்சை), பைன் விதை. மேலே சீஸ் கூட இல்லை, வறுத்த பாண் தூள்தான். சீஸ் வாங்க வழியில்லாத சனம் கண்டுபிடித்த ருசி அது. சின்னனில் நீ அந்தத் தூளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுத் தின்பாய்.

பார்சலில் ஒரு சின்னத் தராசு, பாண் தூள் ஒரு போத்தல், ரிக்கொத்தா சலாத்தா ஒரு துண்டு வைத்திருக்கிறேன். கீரை வாடிப்போகும் என்று அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணியை அடுப்பில் வைத்துவிட்டு எனக்கு வீடியோவில் எடு. முட்டை ஊற்றும்போது நான் பக்கத்தில் இருக்க வேணும்.

அன்புடன்,
அம்மா