மர்ம நாவலும் குடும்பக் கதையும் கணக்கில் வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் நடத்தும் மழைக்கால வாசிப்புப் போட்டியைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். பொங்கலுக்குள் ஆறு புத்தகம் படிக்கச் சொல்வதெல்லாம் நல்லதுதானாம். ஆனால் அதில் மர்ம நாவலையும் பெண்கள் படிக்கும் குடும்பக் கதையையும் சேர்த்தது நூலகத்துக்கே இழுக்காம். வரிப்பணத்தில் நடக்கும் இடத்தில் பொழுதுபோக்குக்கு என்ன வேலை என்று கேட்டு முடித்திருந்தார். அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், என் மனைவியும் ஒருத்தி. நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன்.

வரிப்பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அதை வசூலிக்கும்போது வீட்டுக்காரர் திருவாசகம் படிப்பவரா, ராஜேஷ்குமாரின் மர்ம நாவல் படிப்பவரா என்று யாரும் கேட்பதில்லை. எடுத்துப் படிக்கும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

போட்டி என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஆரம்பித்துப் பொங்கலோடு முடிகிறது. எங்கள் பக்கம் சம்பா நடவு முடிந்து, மழை பிடித்துக்கொண்டு, ஆட்கள் வீட்டோடு கிடக்கும் சமயம் அது. ஆறு புத்தகத்தில் இரண்டு மர்ம நாவல், இரண்டு பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல், மீதி இரண்டு நம் இஷ்டம். எதுவானாலும் மூன்று புத்தகமாவது 2020க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். படித்ததைப் பற்றி நோட்டில் பத்து வரி எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பேச வேண்டும். அவ்வளவுதான்.

நான் படித்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேன்–வைஜயந்தி என்று அந்தத் துப்பறியும் ஜோடிகள் எல்லாரும் எனக்கு அங்கேதான் அறிமுகம். நைட் ஹால்ட் போட்ட ஊரில் கலெக்‌ஷனை எண்ணி முடித்து, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குள்ளேயே படுத்துப் படிப்பேன். என்னோடு வந்த டிரைவர் ஒருவர் புத்தகத்தைக் கையால் தொட மாட்டார். ஆனால் நான் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்தினால், கொலை செய்தது யாராக இருக்கும் என்று அடுத்த சிங்கிள், அதாவது ஒரு வழி ஓட்டம், முழுக்க யோசித்துக்கொண்டே வருவார். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் அவர் சொல்லும் ஆள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்படிப்பட்டவரை நூலகத்துக்குள் கொண்டுவர, பெரியவர் எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று. நான் நிறைய நாள் போன ரூட் தஞ்சாவூர்–மன்னார்குடி. நடுவில் வடுவூர். அந்த ஊரை ஏரிக்கும் பறவைகளுக்கும்தான் இப்போது எல்லாருக்கும் தெரியும். தமிழில் துப்பறியும் நாவலை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமான வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்த ஊர்க்காரர். 1880இல் பிறந்தவர். அவர் படைத்த துப்பறியும் ஆள் திகம்பர சாமியார். அதே பெயரில் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமும் எடுத்தது. அந்தக் காலத்திலும் இதுமாதிரி நாவல்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று திட்டியவர்கள் உண்டு. இன்று வடுவூராரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார்கள்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பெரியவர் கேள்விப்பட்டிருப்பார் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடம் போகாதவர். முதலில் கதையை இவர் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். 1925இலிருந்து ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். எழுதிய நாவல்கள் 115. அதில் குடும்பக் கதையும் உண்டு, துப்பறியும் கதையும் உண்டு. பெரியவர் ஒதுக்கச் சொல்லும் இரண்டு அலமாரியையும் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரே அம்மாள் நிரப்பியிருக்கிறார். நாவலாசிரியை டாக்டர் லக்ஷ்மி பத்திரிகைக்குக் கதை எழுதிய பணத்தில்தான் மருத்துவம் படித்தார். அவருடைய நாவல்களையும் வாரப் பத்திரிகை படிக்கும் பெண்கள்தான் முதலில் கொண்டாடினார்கள். 1984இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது அப்புறம்.

இந்தப் போட்டியில் எங்கள் வட்டத்தில் பெரிய சண்டையே நடந்தது. காரணம் அம்பை எழுதிய ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’. மும்பையில் தனியார் துப்பறிவாளராக இருக்கும் சுதா குப்தா என்ற நடுவயதுப் பெண்ணின் கதைகள். 2014இல் வந்த புத்தகம் என்பதால் ‘புதியது’ கணக்கில் வராது. சரி, மர்ம நாவல் கணக்கில் வைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதே புத்தகத்தை ஒரு டீச்சர் பெண்கள் கணக்கில் வைத்திருந்தார். அது நாவலே இல்லை, கதைகள்தானே என்று பென்ஷன்காரர் ஒருவர் நடுவில் புகுந்தார். ஒன்றரை மணி நேரம் போனது. அந்த அம்பைதான் 2021இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர். அவருக்கே துப்பறியும் கதை எழுத ஆசை வந்திருக்கிறது, எங்களுக்குப் படிக்க ஆசை வரக்கூடாதா? புத்தகம் கடைசியில் எந்தக் கணக்கில் போனது என்று கேட்காதீர்கள், இன்னும் முடிவாகவில்லை.

என் மனைவி எப்போதும் குடும்ப நாவல் எழுதும் ரமணிசந்திரன் பக்கம். போட்டிக்காக மர்ம நாவல் எடுத்தவள் இப்போது அதை விடுவதில்லை. போன வாரம் ஒரு நாவலில் நாற்பதாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டாள். எப்படி என்று கேட்டால், ஒருநாள் விடாமல் பால் வாங்கும் வீட்டில் அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதை நீங்கள் கவனிக்கவில்லையா என்கிறாள். நான் என் பங்குக்கு மருமகளின் போனில் ஒரு தொடர்கதை படிக்கிறேன். புருஷன் வீட்டுக்குத் தெரியாமல் கடன் ஆப்பில் பணம் வாங்கிவிடுகிறான். அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறாள். கொலை இல்லை, போலீஸ் இல்லை. ஆனாலும் அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று மருமகளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டியில் குறை உண்டு. ஆனால் அது பெரியவர் சொன்னதில்லை. புதிய புத்தகம் படிக்கச் சொல்கிறார்கள், அலமாரியில் புதியது எங்கே இருக்கிறது? எனக்குக் கிடைத்த ஒரு மர்ம நாவலில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. எவனோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். குடும்ப நாவல் அலமாரியில் பைண்டிங் பிரிந்த புத்தகங்களை நூல் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்று பெண்கள் எழுதும் புதிய கதைகளில் பெரும்பகுதி போனில் கதை படிக்கும் பிரதிலிபி ஆப்பிலும் கிண்டில் மின்நூலிலும்தான் முதலில் வருகிறது. அதில் சிலதுதான் அப்புறம் அச்சில் வருகிறது, அதுவும் குறைந்த பிரதிகள். அவை கிளை நூலகம் வரை வந்து சேருவதில்லை. மாத நாவலோ பத்திரிகைக் கணக்கு என்பதால் அதற்கு நூலகப் பதிவு எண் கிடையாது. பதிவு எண் இல்லாத புத்தகம் போட்டிக்குச் செல்லாது என்று விதி போட்டிருக்கிறார்கள். அந்த விதியை எடுத்துவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்து வாங்கியதும், போனில் படித்ததும் கணக்கில் வரட்டும். பத்து வரி எழுதும்போதே படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை வரும் புத்தகப் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறேன். கவிதை, ஆய்வு, மொழிபெயர்ப்பு எல்லாம் வருகிறது. புதிதாக வந்த மர்ம நாவலோ குடும்ப நாவலோ ஒன்றுகூட வந்து நான் பார்க்கவில்லை. விமர்சனமெல்லாம் வேண்டாம். ஓரமாக ஒரு சின்னப் பெட்டியில் தலைப்பு, எழுதியவர், பக்கம், விலை போட்டால் போதும். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, எனக்குப் புதியதில் ஒன்று பாக்கி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
மன்னார்குடி.