அண்ணன் கடையை எடுத்து நடத்தப்போகும் நண்பனுக்கு

மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முட்டி வலி தாளவில்லை, இனிமேல் பரமக்குடிச் சைக்கிள் கடையில் நீதான் உட்காரப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பென்ஷனை வாங்கிக்கொண்டு பேப்பர் படித்துப் பொழுதைப் போக்குவதற்கு இது எவ்வளவோ தேவலை. மதினியைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் குறைந்தபாடில்லை.

பஞ்சருக்கு மட்டும் ஆள் வருகிறது, பெரிய வேலைக்கு ஒருதரம் வந்தவர்கள் மறுபடி வருவதில்லை, கூலியைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூலி காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது ரூபாய் கூடக் கொடுத்ததை யாரும் மாசக்கணக்கில் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பார்த்த வேலைக்கே திரும்ப வந்து நிற்க வேண்டியிருந்ததை மட்டும் மறக்க மாட்டார்கள், பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார்கள். அதனால் எந்தெந்த வேலை திரும்பி வருகிறது, ஏன் வருகிறது என்று பார்.

பஞ்சரையே எடுத்துக்கொள். உங்கள் பக்கம் சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. அது டயருக்குள் ஏறி ஒடிந்துவிட்டால் வெளியிலும் தெரியாது, உள்ளேயும் கண்ணுக்குத் தட்டுப்படாது. டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டி மாட்டிக் கொடுத்தால், மறுநாள் காலையில் அதே இடத்தில் ஓட்டையோடு வந்து "நேத்துதானண்ணே ஒட்டினீங்க" என்பான். அவன் கேட்பது நியாயம்தான். டியூபை உருவுவதற்கு முன்னால் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடு. ஓட்டையைக் கண்டுபிடித்ததும் டியூபை டயரோடு சேர்த்து வைத்துப் பார். டியூப் புரண்டிருக்கலாம் என்பதால் வால்வுக்கு இரண்டு பக்கமும் பார். முள் இருக்கும் இடம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். பழைய பனியன் துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்று துடைத்தால் முள்ளில் நூல் மாட்டும். வெறும் விரலை விட்டுத் தேடாதே, கண்ணாடிச் சில்லும் இருக்கும்.

ஓட்டை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ரோட்டைப் பார்த்த பக்கம் என்றால் முள், ஆணி. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ரிம் டேப் விலகி போக்ஸ் கம்பியின் நுனி குத்துகிறது. நுனியை அரத்தால் ராவிவிட்டு டேப்பை மாற்றாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பிரயோசனமில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக ஓட்டிக் கல்லில் ஏற்றியிருக்கிறான், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. வாரம் ஒருதரம் காற்றுப் பார்க்கச் சொல். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும். கிழிந்த இடத்தை அவன் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு மாற்று.

பழைய மாதிரி வால்வு உள்ள டியூபில் எங்கேயுமே குமிழி வரவில்லையென்றால் வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூப் போயிருக்கும். சொல்லப்போனால் டயரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்துவிட வேண்டும். "பஞ்சர் இல்லப்பா, வால்டியூப்தான்" என்று சொல்லி அதற்குரிய காசை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பு. அந்த வீட்டுச் சைக்கிள் எல்லாம் உன் கடைக்குத்தான் வரும்.

ஒட்டு பெயர்வதற்கு அவசரம்தான் காரணம். ஒட்டைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போய் விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை விட வேண்டும். நாலைந்து நிமிஷம் ஆகும். ஈரத்தோடு ஒட்டினால் கடையில் நிற்கும், மத்தியான வெயிலில் பெயர்ந்துவிடும்.

அடுத்தது புது சைக்கிள். மனக்கசப்பு அதிகம் வருகிற இடம் இது. பெட்டியில் வரும் சைக்கிளுக்கு முன்சக்கரம், ஹேண்டில் பார், சீட்டு, பெடல் மாட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே சக்கரத்தின் நடுவில், ஹப்புக்குள் பால்ரஸ் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கோன் பெரும்பாலும் இறுக்கமாக இருக்கும், கிரீஸும் பேருக்குத்தான் இருக்கும். சக்கரத்தைக் கையில் எடுத்து அச்சை இரண்டு விரலால் திருப்பு. மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் கோனைத் தளர்த்திக் கிரீஸ் வை. மாட்டின பிறகு தூக்கிப் பிடித்து மெதுவாக விட்டால், வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாகத் திரும்பி வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டமும் இருக்கக்கூடாது. இரண்டும் ஒத்துவந்தால் கோன் சரி.

இடது பெடல் எதிர்ப்பக்கம் சுற்றும் மரை என்பது உனக்குத் தெரியும், கடைப் பையனுக்குத் தெரியுமா என்று பார். பெடல் மாட்டும் கை, அதாவது கிராங்கு, அலுமினியமாக இருந்தால் முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே ஏற்ற வேண்டும். ஸ்பேனரைப் போட்டுக் கோணலாக ஏற்றினால் மரை போய்விடும், கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். பெடலை முழுசாக இறுக்காமல் விட்டாலும் ஓட்ட ஓட்ட ஆடி ஆடி மரையைத் தின்றுவிடும்.

இப்போது ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அந்தச் சைக்கிள் வந்தால் முதலில் முன் ஃபோர்க்கைப் பார். திருப்பிப் போட்டு மாட்டியிருப்பார்கள். பிரேக் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், திரும்பும்போது கால் சக்கரத்தில் இடிக்கும். ஹேண்டில் தண்டிலும் சீட்டுக் கம்பியிலும் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தூக்கி வைத்திருந்தால் இறக்கிவிடு, ஒடிந்தால் ஆளுக்கு ஆபத்து. "எங்கே வாங்கினியோ அங்கேயே போய்க் கேளு" என்று விரட்டுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வீராப்புக்குச் சரி, வியாபாரத்துக்கு ஆகாது. மாட்டுகூலி இவ்வளவு என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு வாங்கி வேலை பார். சைக்கிளை அவன் ஒருதரம்தான் வாங்குவான், டியூபும் பிரேக் கட்டையும் உன்னிடம்தான் வாங்க வேண்டும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சைக்கிளையும் இதே மாதிரி ஒருதரம் முழுசாக முடுக்கிக் கொடு.

புதுச் சக்கரத்தில் போக்ஸ் கம்பி ஓட்டத்தில்தான் தன் இடத்தில் உட்காரும். உட்கார்ந்ததும் தளரும், கோட்டம் விழும். பிரேக் கேபிளும் அப்படியே தொய்யும். அதனால் விற்கும்போதே ஒரு மாசம் கழித்து வரச்சொல்லித் தேதியை பில்லில் எழுதிக் கொடு. கோட்டம் எடுத்து, கேபிளை இழுத்து, எல்லா நட்டையும் ஒரு சுற்று பார்க்க அரை மணி நேரம், காசு வாங்காதே. கம்பி ஒடிவது இறுக்கத்தால் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தளர்ந்த கம்பிதான் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, ஹப்பில் மடிகிற இடத்தில் ஒடியும். பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீல் பக்கம்தான் முதலில் போகும். ஒரே சக்கரத்தில் மூன்றாவது கம்பியும் ஒடிந்து வந்தால் ஒற்றைக் கம்பி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்காதே. மொத்தக் கம்பியும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று சொல்லி, முடிவை அவனிடம் விட்டுவிடு.

சத்தம் என்று வருகிறவர்களிடம் உடனே ஸ்பேனரை எடுக்காதே. மிதிக்கும்போது மட்டுமா, மிதிக்காமல் உருளும்போதுமா, பெடல் ஒரு சுற்றுக்கு ஒருதரமா, சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருதரமா என்று கேள். பெடல் சுற்றுக்கு ஒரு "டக்" என்றால் பழைய சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பான காட்டர் பின்தான், இல்லையென்றால் பெடல் கட்டை. மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் ஹப், கம்பி, டயர் என்று சக்கரத்தைப் பார். காட்டர் பின் நட்டை முடுக்கிச் சரிசெய்ய முடியாது. கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட்டு. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி பி.பி. கப்பில், அதாவது கிராங்கு அச்சு சுற்றுகிற கப்பில், இறங்கிக் குழி விழும். இரண்டு பின்னும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச்சொல்லி மறுபடி ஒரு அடி, ஒரு முடுக்கு.

செயினில் வேறு மாதிரிச் சண்டை வரும். "செயின் மாத்தினதுக்கப்புறம்தான் ஸ்லிப் ஆகுது, அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு." அவன் சொல்வது உண்மைதான். பழைய செயினும் பழைய பிரீவீலும் சேர்ந்தே தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்திப்போயிருக்கும், புதுச் செயின் அந்தத் தேய்ந்த பல்லில் நிற்காது. வேலைக்கு முன்பே அளந்து காட்டிவிடு. ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் 24 கண்ணி தள்ளியிருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 அங்குலம் தள்ளிவிட்டால் பிரீவீலும் சேர்த்துத்தான். கண்ணியை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுப்பது கண்துடைப்பு. தேய்ந்த கண்ணியின் நீளம் அதனால் குறையாது. செயின் கழல்கிறது என்று வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இறுக்காதே. பெடலைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் பார்த்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் நடுவில் அரை அங்குலம் ஆட்டம் இருக்கும்படி வை.

முழுசாகப் பிரித்து மாட்டும் ஓவராயிலுக்கு வண்டி வந்தால் பால்ரஸில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய 28 அங்குல வண்டிக்கு முன்ஹப்பில் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். பின்ஹப்பில் பக்கத்துக்கு 9, பி.பி.யில் பக்கத்துக்கு 11, இரண்டும் கால் அங்குலம். தேய்ந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுப் புதுசைக் கலந்து போட்டால், பெரிசாக இருக்கும் புதுக் குண்டுகள்தான் மொத்தப் பாரத்தையும் தாங்கும், கப்பு சீக்கிரம் பொரிந்துவிடும். போட்டால் எல்லாம் புதுசு. கப்பிலேயே குழி விழுந்திருந்தால் புதுப் பால்ரஸ் போட்டும் பயனில்லை, அதையும் மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. மாற்றின உருப்படியை எல்லாம் ஒரு பழைய கவரில் போட்டு ஹேண்டிலில் கட்டிக் கொடு. பத்துப் பேரில் எட்டுப் பேர் வெளியே போய்த் தூக்கி எறிந்துவிடுவார்கள், ஆனாலும் கொடு.

கியர் சைக்கிளுக்குப் பயப்படாதே. கொரோனா சமயத்தில் வாங்கி வீட்டில் சாத்தி வைத்ததெல்லாம் இப்போது வெளியே வருகிறது. கியர் சரியாக விழவில்லை என்றால் கேபிளைத் தொடுவதற்கு முன்னால் பின்னால் நின்று பார். வண்டி வலது பக்கம் விழுந்து, செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் டிரெயிலர் தொங்கும் தகடு வளைந்திருக்கும். அது நேராகாமல் கேபிளை எவ்வளவு திருகினாலும் கணக்குக்கு வராது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குப் பக்கத்தில் ஆயில் ஸ்பிரே அடிக்க வேண்டாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல். தட்டில் எண்ணெய் பட்டு பேடில் ஏறினால் பிரேக் பிடிக்காது, பேடும் வீண்.

டயர் விற்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. "26 டயர் கொடுங்க" என்பார்கள். 26 x 1⅜ என்பது வேறு ரிம், 26 x 1.95, 2.125 எல்லாம் வேறு ரிம். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு முதலாவதுக்கு 590 மில்லிமீட்டர், மற்றவைக்கு 559. ஒன்றுக்கு ஒன்று சேரவே சேராது. பழைய டயரின் ஓரத்தில் 54-559 என்கிற மாதிரிச் சின்ன எழுத்தில் இருக்கும், அந்தக் கடைசி மூன்று எண்ணைப் பார்த்துக் கொடு. நம் ஊர் 28 x 1½ வண்டிக்கு 635. இப்போது வரும் 700சி, 29 இரண்டுக்கும் 622.

அட்லஸ் கம்பெனி 2020 ஜூனில் சாகிபாபாத் ஆலையை நிறுத்திவிட்டதே, இனிமேல் அந்த வண்டிக்குச் சாமான் கிடைக்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். தைரியமாகக் கிடைக்கும் என்று சொல். கறுப்புச் சைக்கிளுக்கு ஹப், பி.பி., செயின், டயர் எல்லாம் எந்தக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், லூதியானாச் சாமான் வந்துகொண்டேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வண்டியை வாங்கி வைக்கும்போது ஒரு அட்டையில் அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்வார்த்தையிலேயே எழுதி ஹேண்டிலில் கட்டு. "ஏத்தத்துல மிதிச்சா கடக்குனு சத்தம்" என்று எழுதியிருந்தால் பையன் ஏற்றத்தில் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்று சொல்வான். 'பி.பி. வேலை' என்று நீயாக எழுதினால் பி.பி.யை மட்டும் பிரித்து மாட்டிவிட்டுச் சும்மா இருப்பான். கூடவே உத்தேசத் தொகையும் நாளும் எழுது. பிரித்த பிறகு தொகை ஏறுமானால், வேலையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு போன் அடித்துக் கேட்டுவிடு.

சரக்குப் பட்டியல் அனுப்பச் சொன்னாயே, அதைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். 28 x 1½ டியூபும் வால்டியூபும் மட்டும் எந்நாளும் கையிருப்பில் இருக்கட்டும், மற்றதை ஓட்டம் பார்த்து வாங்கு. உன் கடையில் கோட்டம் எடுக்கிற ஸ்டாண்டு எந்த நிலைமையில் இருக்கிறதென்று எழுது. சரியில்லையென்றால் இங்கே டவுன்ஹால் ரோடு பக்கம் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்