ஐபி முகவரியை வைத்து இடம் சொல்லும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற மாதம் என் மகள் வீட்டிலிருந்தே ஒரு நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். 40-ஆம் நிமிடத்தில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. மோடம் மறுபடி இணைந்தபோது அதற்குப் புதிய ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண், கிடைத்தது. உடனே தேர்வுத் திரை பூட்டிக்கொண்டது. அந்த முகவரிப்படி அவள் வேறொரு நாட்டிலிருந்து எழுதுகிறாளாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை அவள். பதில் தெரிந்த கேள்விகள் இன்னும் மிச்சமிருந்தன என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

இணைய நிறுவனத்திடம் விசாரித்தேன். 1,024 முகவரிகள் கொண்ட அந்தத் தொகுதியை எட்டு மாதங்களுக்கு முன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கினார்களாம். எந்த முகவரி யாருடையது என்று குறித்துவைக்கும் பதிவகத்தில் பெயரும் மாறிவிட்டது. உங்களில் நால்வரிடம் தேடிப் பார்த்தேன். இருவர் சரியாகச் சொல்கிறீர்கள், இருவர் இன்னும் பழைய நாட்டையே காட்டுகிறீர்கள்.

கைமாறிய தொகுதிகளின் இடத்தை உடனுக்குடன் திருத்துங்கள். நான் முக்கியமாகக் கேட்பது இதுதான்.

ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதன்பின் தொகுதிகள் விலைக்குக் கைமாறுவது அன்றாட நடப்பு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பதிவகத்தில் தேடினால் கிடைக்கும் ஹூஇஸ் பதிவு, உரிமையாளரின் பெயரையும் அலுவலகத்தையும் சொல்லும். பயன்படுத்துபவர் இருக்கும் ஊரைச் சொல்லாது. மீதியை பிங் நேரத்தையும் (ஒரு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) வழியிலுள்ள ரவுட்டர்களின் பெயரையும் வைத்து ஊகிக்கிறீர்கள். சரி, ஊகம் தவறலாம். ஆனால் எந்த முகவரி எந்த ஊரில் என்று இணைய நிறுவனங்களே பட்டியல் வெளியிட 2020-இல் ஆர்எஃப்சி 8805 என்ற இணைய வழிமுறை ஆவணம் வந்தது. அந்த ஜியோஃபீட் பட்டியல் இருக்கும் இடத்தைப் பதிவகத்திலேயே குறித்துவைக்கும் முறையும் மறு ஆண்டே வந்துவிட்டது. எங்கள் இணைய நிறுவனம் இரண்டையும் செய்திருக்கிறது. அதை எடுத்துப் படிக்க எட்டு மாதம் போதவில்லையா?

இடம் தெரியாத முகவரிக்கு வரைபடத்தில் ஏதோ ஒரு புள்ளி வைப்பதையும் விடுங்கள். அமெரிக்காவில் இடம் தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் கான்சாஸின் ஒரு பண்ணை வீட்டில் குவிந்துகிடந்தது 2016-இல் வெளிவந்தது. யாரோ செய்த குற்றங்களுக்காக அந்த வீட்டுக் கதவைப் போலீஸ் ஆண்டுக்கணக்கில் தட்டியது. 'நாடு தெரியும், ஊர் தெரியாது' என்று காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

திருத்தப் படிவத்தை, தவறாகக் காட்டும் இருவருக்கும் அனுப்பி மூன்று வாரமாகிறது. 'பெற்றுக்கொண்டோம்' என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. மகளுக்கு மறுதேர்வு கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம். அதற்குள் அந்தத் தொகுதியைத் திருத்தித் தாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை