கால்புள்ளியும் முற்றுப்புள்ளியும்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. தீபாவளிக்கு வந்தபோது, "என்னடா, தரையில் கோந்து தடவின மாதிரி நடக்கிறார்" என்றாயே, அதே விவகாரம்தான்.

பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் என்று சொல்லி எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். துளி முன்னேற்றமில்லை. எனக்கோ குழப்பம். கை நடுங்கவில்லை, சட்டைப் பித்தானைத் தானே போடுகிறார், நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய அப்பா. எழுந்து நடந்தால்தான் வாசற்படியில் கால் நின்றுவிடுகிறது.

இப்போது பார்க்கும் நரம்பு டாக்டர் முதலில் அவரை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. பழைய சி.டி. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. இதிலோ சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைத் திட்டுகள், மூளையின் ஆழத்தில் பயறு அளவுக்கு நாலைந்து பொத்தல்கள். ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் வந்துபோன சின்னப் பக்கவாதமாம். இருபது வருஷத்து பி.பி. செய்த வேலை. எந்த ராத்திரி வந்ததோ, காலையில் எழுந்து காபி குடித்துப் பேப்பர் படித்திருப்பார்.

"அப்போ இதுதான் காரணம்" என்றேன். டாக்டர் சிரித்தார். எழுபது தாண்டிய பலருக்கு இந்தத் திட்டுகள் இருக்கும், நன்றாகவே நடப்பார்கள், படத்தை மட்டும் நம்பக்கூடாது என்றார். சந்தேகம் தீர ட்ரோடாட் ஸ்கேன் எடுத்தோம். அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு முனைகளில் போய் ஒட்டுகிற மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். நல்ல மூளையில் இரண்டு கால்புள்ளி தெரியும். பார்க்கின்சனில் அந்த முனைகள் அழிவதால் வால் தேய்ந்து முற்றுப்புள்ளியாகிவிடும், பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். அப்பாவுக்கு இரண்டும் வாலோடு இருந்தன. முப்பது வருஷம் பையன்களின் கால்புள்ளியைத் திருத்திய தமிழ் வாத்தியார் அல்லவா!

பக்கவாதம் சரியாக அந்த நரம்பு முனைகள் இருக்கும் இடத்தையே தாக்கியிருந்தால் இந்தப் படமும் குறை காட்டுமாம். அதனால் நடை, எம்.ஆர்.ஐ., மாத்திரை கேட்காதது எல்லாவற்றையும் சேர்த்துத்தான், இது அசல் பார்க்கின்சன் அல்ல, சின்னப் பக்கவாதங்களால் வந்த அதன் சாயல் என்று முடிவு சொன்னார். ஸ்கேன் என்ற பேச்சே இல்லாத 1929-லேயே லண்டனில் மெக்டொனால்ட் கிரிச்லி என்ற டாக்டர் இப்படி ஒரு ரகம் உண்டு என்று எழுதிவைத்திருக்கிறார். எட்டு மாதத்தை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது அந்த மாத்திரையை மெதுவாகக் குறைக்கிறார்கள். பி.பி., சுகர் கட்டுப்பாடு, தினம் பிசியோதெரபி. வாசற்படிக்கு முன்னால் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், அதைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது. கோணலாக ஒட்டியிருக்கிறேன் என்று நேற்று ஒரே திட்டு.

பொங்கலுக்கு வருகிறாயா? எழுது.

உன்,
மணி